மூன்றாம் வாரத்து விசாரணை

என் மாமியார் ஹபீபா பீவிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தனக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. மற்றபடி பினாங்கு சூலியா தெருவில் எந்த வீட்டு மீன் ஆணத்தில் புளி கூடிப்போனது, எந்தக் கப்பலில் வந்த பெருங்காயம் கலப்படம், யார் மகனுக்குக் காதில் சீழ் வடிகிறது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்க்கார் சம்பளம் கொடுக்காமலே இந்தத் தெருவுக்கு ஒரு போலீஸ் கிடைத்திருக்கிறது என்று என் கணவர் ஜபருல்லா சொல்வார். அதையும் மெதுவாகத்தான் சொல்வார். மாமிக்குக் காது கூர்மை.

எங்களுக்கு அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. கீழே கடை, பின்னால் அடுப்படி, மேலே வீடு. மாமா காலமான பிறகு கல்லாவில் என் கணவர் உட்கார்ந்தார். ஆட்சி மட்டும் அடுப்படியிலேயே இருந்தது. ரொட்டிக்கு மாவு பிசைவது, உருண்டை பிடிப்பது, எண்ணெய் தடவி ஈரத்துணி மூடி ஊற வைப்பது எல்லாம் பெண்கள் வேலை. அதாவது மாமியின் வாயும் என் கையும். ஊறுகிற மாவுப் பக்கம் யாரும் போகக் கூடாது. தாம்பாளத்தை நகர்த்தக் கூடாது. பக்கத்தில் உரல் இடித்தால்கூட, "மாவு பயந்துரும்லா!" என்று கத்துவார். பயந்த மாவை நான் பார்த்ததில்லை. பயந்த மருமகளைப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியில்.

நான் சொல்ல வந்தது அந்த அடுப்படியில் ஒருநாள் நடந்த விசாரணையைப் பற்றி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் எனக்கு ஒரு கரு தங்கிக் கலைந்து போயிருந்தது. தெருவில் எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது. ஆனால் என் வழக்கில் மாமி அன்றைக்கே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். கொடிமலை ரயில். சில வாரங்களுக்கு முன்பு குடும்பத்தோடு கொடிமலைக்குப் போயிருந்தோம். போகலாம் போகலாம் என்று கணவரை நச்சரித்தவள் நான். மலைச்சரிவில் அந்த ரயில் பெட்டியைக் கம்பியால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். மாமி ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணை இறுக மூடி ஓதிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கடலையும் கப்பல்களையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தேன். அந்தச் சிரிப்புதான் பிறகு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"வயித்துல இருக்குது, இவ மலை ரயில்ல ஏறி ஆடு ஆடுன்னு ஆடுறா. சிரிப்பு வேற! புள்ள எப்படி நிக்கும்?" என்று மாமி வீடு வீடாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த ரயில் செங்குத்தாகிக்கொண்டே போனது. கடைசியில் பாசாரில் மீன் விற்கும் அக்கா ஒருநாள் என்னிடமே வந்து, "தலைகீழா ஓடுமாமே அந்த ரயில், நெசமா?" என்று கேட்டாள்.

கரு கலைந்ததற்கு நான் அழுதது கொஞ்ச நாள். நான்தான் கலைத்தேன் என்று சொல்லப்பட்டதற்கு அழுதது அதிக நாள். தெருவில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் தொட்டில் பக்கம் போகவே எனக்குக் கூச்சம். வயிற்றிலிருந்ததை ஆட்டிக் கலைத்தவள் தொட்டிலை ஆட்ட வந்துவிட்டாள் என்று யாராவது நினைத்துவிட்டால்?

இப்போது எனக்கு மறுபடியும் நாள் தள்ளியது. நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சொல்லவும் தேவையில்லை. மாதவிடாய் நாட்களில் எங்கள் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. ஆகவே வீட்டில் எந்தப் பெண் எந்த நாளில் தொழுகைப் பாயை விரிக்கவில்லை என்று கவனிக்கிற ஒரு மாமியார் இருந்துவிட்டால், அந்த வீட்டில் எந்த ரகசியமும் தங்காது. ஒருநாள் விடிகாலைத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது மாமி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஹாஜரா, இந்தத் தடவை ஒரு வேளைகூட விடாமத் தொழுறியே," என்றார்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் என் விதி எழுதப்பட்டுவிட்டது. பிள்ளை பிறக்கும் வரை நான் நிபோங் திபாலில் மாமியின் தங்கை வீட்டில் மெத்தையில் மல்லாந்து கிடக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய அமைதியான வீடு, ஆடுவதற்கு அங்கே மரக்கிளையைத் தவிர ஒன்றும் கிடையாது என்றார் மாமி. அந்தத் தங்கையை எனக்குத் தெரியும். அவர் பேச ஆரம்பித்தால் என் மாமி ஊமை.

"அங்க போறதுக்கே கடல்ல ஃபெர்ரி ஏறணும். அப்புறம் அக்கரையில பிறை ஸ்டேஷன்லேர்ந்து ரயில் ஏறணும். அதெல்லாம் ஆடாதா மாமி?" என்று கேட்டேன்.

"அது தட்டையான ரயில்," என்றார் மாமி.

என் கணவர் மாமியிடம், "நீங்க சொல்றது சரிதான் உம்மா," என்றார். மாடிக்கு வந்து என்னிடம், "நீ சொல்றதும் சரிதான்," என்றார். இப்படி இரண்டு பேரும் சரியாக இருக்கும்போதே என் துணிகளைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது.

நிபோங் திபால் எனக்குப் பெரிதில்லை. அங்கே போய்ப் படுத்துவிட்டால், ஆட்டிக் கலைத்தவள் என்ற பெயரை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இந்தக் கரு தங்கினால் மாமியின் காவலால் தங்கியது. தங்காவிட்டால் நான் மெத்தையில் புரண்டிருப்பேன். எப்படி விழுந்தாலும் பழி என் தலையில்தான். 

அந்த வாரம்தான் என் கொழுந்தன் அப்துல் ஹமீது சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கினான். வைத்தியப் படிப்பு, மூன்றாவது வருஷம். படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் அவனுக்கு மூச்சு முட்டும். கடையில் யாராவது ஆட்டுக்கறியைக் கடித்தால் அது ஆட்டின் எந்தத் தசை, உயிரோடு இருந்தபோது அது என்ன வேலை செய்தது என்று பக்கத்தில் நின்று விளக்குவான். வந்த அன்றைக்கு மட்டும் இரண்டு பேர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள்.

அவனைப் பார்த்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மாமிக்கும் வந்தது, அதுதான் தொல்லை. "இங்கிலீஷ் வைத்தியமும் ரயில் கூடாதுன்னு சொல்லிட்டா இவ வாயத் தொறக்க மாட்டா," என்று மாமி என் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மத்தியானக் கூட்டம் கலைந்ததும் அடுப்படியில் விசாரணை கூடியது. மாமி முக்காலியில். நான் மாவுத் தொட்டிக்கு முன்னால். கணவர் வாசல்படியில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. நடுவில் ஹமீது.

"வயித்துல புள்ள எப்படிப் புடிக்குது, எப்ப கலையுது, சொல்லு," என்றார் மாமி. "மலை ரயிலை நெனவுல வச்சுக்கிட்டுச் சொல்லு."

ஹமீது முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று அவன் மூன்று வருஷமாக ஏங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தான். என் கையிலிருந்து ஒரு மாவு உருண்டையைப் பிடுங்கினான்.

"மொத வாரம் இப்படித்தான் உம்மா. ஒரு உருண்டை. தலையும் கிடையாது, காலும் கிடையாது. உருண்டு வந்து கருப்பையில ஒட்டிக்கும். ரெண்டாவது வாரம் அந்த உருண்டைக்குள்ள ஒரு தட்டு. ரெண்டு அடுக்கு." மாவைப் பிய்த்து இரண்டு சின்ன வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவி ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். "இவ்வளவு பெருசு இல்ல. குண்டூசித் தலையைவிடச் சின்னது."

"சரி."

"மூணாவது வாரம்தான் விசேஷம்!" என்று சொல்லிச் சுண்டுவிரலால் மேல் வட்டத்தில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு கோடு கீறினான். "இந்தக் கோடு விழும். மேல் அடுக்குல இருக்கற செல்லெல்லாம் இந்தக் கோட்டைப் பாத்து நகர்ந்து வரும். ஃபெர்ரி கேட்டைத் தொறந்ததும் சனம் வருது பாருங்க, அந்த மாதிரி. வந்து கோட்டுக்குள்ள எறங்கி, ரெண்டு அடுக்குக்கும் நடுவுல பூந்து பரவும். ரெண்டு அடுக்கு மூணு அடுக்காயிரும். இதுக்குப் பேரு காஸ்ட்ருலேஷன்."

"பேரு கெடக்கட்டும், வேலையச் சொல்லு."

"மேல் அடுக்குலேர்ந்து தோலு, மூளை, நரம்பு வரும். நடு அடுக்குலேர்ந்து எலும்பு, சதை, ரத்தம், இருதயம். கீழ் அடுக்குலேர்ந்து குடலு, ஈரலு, நுரையீரலு."

"குடலுக்குன்னு தனியா ஒரு அடுக்கா?" என்று வாசல்படியிலிருந்து என் கணவர் கேட்டார். சாப்பாட்டுக் கடைக்காரர் அல்லவா, அவர் முகத்தில் ஒரு கௌரவம் தெரிந்தது. "மாஷா அல்லா. நம்ம வியாபாரத்துக்கு மொத மாசத்துலயே ஏற்பாடு ஆயிருது."

"இன்னொண்ணு நானா," என்று ஹமீது அண்ணனைப் பார்த்துத் திரும்பினான். "கோடு எந்தப் பக்கம் ஆரம்பிக்குதோ அது கால்மாடு. எந்தப் பக்கம் பாத்து நீளுதோ அது தலைமாடு. தலை எங்க, வால் எங்க, இடது எது, வலது எது, எல்லாத்துக்கும் அன்னிக்குத்தான் வழி தெறக்குது. அதுவரைக்கும் அதுக்குத் திசையே கிடையாது."

எனக்கு ஒரு நிமிஷம் வழக்கே மறந்துபோயிற்று. குண்டூசித் தலையைவிடச் சின்ன இடத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இருதயத்துக்குப் போக வேண்டியது இருதயத்துக்கும் மூளைக்குப் போக வேண்டியது மூளைக்கும் நகர்கிறதாம். என் வயிற்றில்! கடைத்தெருவில் பத்துப் பேரை வரிசையில் நிற்க வைக்க முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

மாமிக்கு இதெல்லாம் இல்லை. "இதை யாருடா பாத்தது?" என்றார்.

"கோழி முட்டையில பாத்தாங்க உம்மா. மனுஷக் கரு அவ்வளவு சின்ன வயசுல கெடச்சது உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம்தான். கெடச்ச வரைக்கும் வெட்டிப் பாத்து..."

"கோழியா! என் மவன் வயித்துப் பேரனுக்குக் கோழிக் கணக்கா?"

"மவன் வயித்துல இல்ல உம்மா," என்றார் என் கணவர். யாரும் கண்டுகொள்ளவில்லை.

மாமி எழுந்தார். ஹமீது கீறிய கோட்டைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. முப்பது வருஷம் மாவோடு வாழ்ந்தவர் அவர். மாவில் காட்டினால் அவருக்கு எல்லாம் புரிந்துவிடும். புரியக் கூடாததும் புரிந்துவிடும்.

"அப்போ இது ஊறுற மாவு," என்றார். "அடுக்கு விழற நேரம். அந்த நேரத்துல தாம்பாளத்தை நகர்த்தவே கூடாது. அதைத் தூக்கிக் கம்பியில கட்டி மலை மேல இழுத்தா? பாத்தியா, நான் சொன்னேன்லா! இங்கிலீஷ்லயும் அதைத்தான் சொல்றான்."

"உம்மா, நான் அப்படிச் சொல்லல..."

"நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. உக்காரு."

காப்பாற்ற வந்தவன் கையில் விளக்கைக் கொடுத்தால் அவன் கூரைக்கு நெருப்பு வைத்துவிட்டான். இரண்டு வருஷம் மாமியின் வாய்ச்சொல்லாக இருந்தது இப்போது டாக்டர் சொன்னதாக ஆகிவிட்டது. நாளைக்குத் தெரு முழுக்க இது போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மாவு வட்டம் இரண்டையும் எடுத்து ஹமீது மூஞ்சியில் அப்பலாமா என்று இருந்தது. அப்பவில்லை. கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தம்பி, மூணாவது வாரம் மூணாவது வாரம்ங்கறியே. எதுலேர்ந்து மூணாவது?"

"கரு உண்டானதுலேர்ந்து, மச்சி." அண்ணன் மனைவியை எங்களில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அது எப்ப உண்டாச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஹமீது தன் உம்மாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், காது சிவந்தான். பிணத்தை அறுத்துப் படித்தவனுக்கு இதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். "பொம்பளைங்க தொழாத நாள் இருக்குல்ல... அது ஆரம்பிச்சு ஏறக்குறைய ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கரு உண்டாகும். அதுக்கு மேல ரெண்டு வாரம் தாண்டுனா இந்தக் கோடு."

"அப்படியா," என்றேன். மாமி பக்கம் திரும்பினேன். "மாமி, கொடிமலை மேல எல்லாரும் துணி விரிச்சு லுஹர் தொழுதீங்களே, நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

யார் எப்போது தொழவில்லை என்பதை மறக்கத் தெரியாத மனுஷி அவர். பொய் சொல்லவும் தெரியாதவர், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் முகம் அந்த மலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"செருப்புக்குக் காவல் உக்காந்திருந்தே," என்றார் மெதுவாக. "நாங்க தொழுது முடிக்கறதுக்குள்ள கடலைப் பொட்டலம் பூராத்தையும் நீயே தின்னுட்டே."

"ஏன் தொழல?"

 என் கணவர் உத்திரத்தில் பல்லி இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்.

"அப்போ அந்த ரயில்ல ஆட்டறதுக்கு உள்ள யாருமே இல்ல," என்றேன். "நான் மட்டும்தான் ஆடுனேன். கடலைகூட அப்புறம்தான் உள்ள போச்சு."

ஹமீது சிரித்துவிட்டான். கணவர், "அல்ஹம்துலில்லாஹ்," என்று மற்ற காலையும் உள்ளே எடுத்து வைத்தார். இரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கின மாதிரி இருந்தது. மாமி விட்டுவிட்டாரா? அவர் தோற்றுப் பழகாதவர்.

"சரி, ரயில் இல்ல. ஒத்துக்கறேன். வேற ஏதோ ஒண்ணு ஆட்டியிருக்கு. அடுக்கு சும்மா கலையுமா?" என்று உட்கார்ந்து விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினார். தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் எண்ணுகிற அதே வேகம். "மலைக்குப் போனது இங்க. இங்க ரெண்டு வாரம், கரு உண்டாச்சு. இங்க ஒரு வாரம். இங்க இன்னொண்ணு. அப்போ கோடு விழுந்தது... கந்தூரி. நம்ம தெரு நாகூர் தர்காவுல கொடி ஏத்துன வாரம். அந்த வாரம் நீ என்ன செஞ்சே? அந்த வாரம்..."

கட்டைவிரல் அந்தக் கணுவிலேயே நின்றுவிட்டது.

கந்தூரி என்றால் எங்கள் தெருவில் அடுப்பு அணையாது. ஊர் ஊராகச் சனம் வரும். அந்த வாரம் முழுக்க விடியும் முன்னாலிருந்து நான் பிசைந்துகொண்டே இருந்தேன். இடுப்பு விட்டுப்போகிறது மாமி என்று சொன்னேன். இடுப்பு வலிக்கிறதென்று எல்லாரும் படுத்துக்கொண்டால் கந்தூரி நடக்குமா என்று கேட்டார். அது அவருக்கும் நினைவு வந்துவிட்டது என்று அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"அந்த வாரம் என்னைப் பிசைய வச்சது யாரு மாமி?"

 மாமியின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்க்காமல் ஹமீதைப் பார்த்தார்.

"அப்போ நான்தானாடா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த இடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வார்த்தையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வழியிருந்தால் போட்டுக்கொண்டிருப்பேன்.

"உம்மா, யாரும் இல்ல!" என்று ஹமீது ஏறக்குறைய கத்தினான். "தோட்டத்துல பொம்பளைங்க ரப்பர் பால் வாளியைச் சுமந்துக்கிட்டு மேடு பள்ளம் ஏறி எறங்குறாங்க. ஆட்டத்துல கலையறதா இருந்தா நிபோங் திபால்ல ஒரு புள்ள பொறந்திருக்காது. கருப்பை ஒண்ணும் தாம்பாளம் இல்ல. ஆட்டமெல்லாம் அதுக்குள்ள போய் எட்டாது. கோடு விழ வேண்டிய மாதிரி விழலேன்னா, அடுக்கு சரியாப் பரவலேன்னா, அது தானா நின்னுரும். ஆரம்பத்துலயே போறது நெறைய அப்படித்தான் போகுது. யாரும் கை வச்சுக் கெடுத்தது இல்ல. கை வச்சு நிறுத்தவும் யாராலயும் முடியாது. நாள் தள்ளிருச்சான்னு பெத்தவ யோசிக்கிறதுக்குள்ள அந்த வேலையே முடிஞ்சு போயிரும்."

"ஒவ்வொண்ணும் ஏன் போச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது உம்மா. நெறையத் தெரியாது. ஆனா ஆட்டம் இல்ல, பிசஞ்சதும் இல்ல."

"இதை ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

மாமி என் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இப்ப இவளுக்கு?"

"அதெல்லாம் இந்நேரம் முடிஞ்சிருக்கும். நாம இங்க கூடி உக்கார்றதுக்கு முன்னாடியே, நம்ம யாரையும் கேக்காமலே. தங்குமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா நிபோங் திபால் மெத்தைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

  மாமியின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் என் கணவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மாமி அதை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த ஆட்டமும் இல்லையா?"

"இல்ல."

"கப்பல்?"

"எந்தக் கப்பல் உம்மா?"

"நான் வந்த கப்பல்தான். நாகப்பட்டினத்துலேர்ந்து." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஜபருல்லாவுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தங்கியிருந்துச்சு. உங்களுக்கெல்லாம் தெரியாது. உங்க வாப்பா, மேல் தட்டுக்குப் போகாதே, கப்பல் ஆடுது, கீழயே படுத்திருன்னு சொல்லிட்டுப் போனாங்க. மேல சனமெல்லாம் மீனு பறக்குது, மீனு பறக்குதுன்னு கத்துச்சு. ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு எறங்கிருவோம்னு ஏறுனேன். ஏறுனவ எறங்கல. பினாங்குல வந்து எறங்கி ஒரு மாசத்துல போயிருச்சு."

"வாப்பா ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கணவர் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லல. சாகற வரைக்கும் சொல்லல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசி முடிச்சிருப்பேன். அவங்க கேக்காததுனாலயே நான்தான்னு எனக்கு உறுதியாயிருச்சு. பெரிய மனுஷி மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் கெடக்காம, வேடிக்கை பாத்தேன்லா. சிரிச்சேன்லா."

ஹமீது வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "கப்பலும் இல்ல மாமி."

மாமி என்னைப் பார்த்தார். நான் நகர்ந்து போய் அவர் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. மலை ரயிலில் அவர் ஏன் கண்ணை அப்படி இறுக மூடிக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக எத்தனை முறை மனதுக்குள் அவரைத் திட்டியிருப்பேன். முப்பது வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டவரிடம் நான் போய்ச் சண்டைக்கு நின்றிருக்கிறேன்.

"இது தெரியாமலே அவங்க போயிட்டாங்களே," என்று மட்டும் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூத்த மகனைப் பார்த்து, "நிபோங் திபாலுக்கு ஆளனுப்பிச் சொல்லு, யாரும் வரலைன்னு. பாசாரில அந்த மீன்காரிக்கிட்ட நானே பேசிக்கறேன்," என்றார்.

"அந்த மீனு நெசமாவே பறந்துச்சா மாமி?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார், கேலி செய்கிறேனோ என்று. கேலி இல்லை என்று தெரிந்ததும் மெல்ல வாய் திறந்தது.

"பறந்துச்சாவா! ஒண்ணு ரெண்டு இல்லலா. கூட்டங்கூட்டமா. தண்ணிலேர்ந்து கிளம்பி, ரெக்கையை விரிச்சு, வெயில்ல அப்படியே மினுங்கிக்கிட்டு... அல்லாஹ்வே, என்ன அழகுங்கறே! எனக்குன்னு பறந்து காட்டுன மாதிரி இருந்துச்சு."

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தங்கள் உம்மா பறக்கும் மீனைப் பார்த்தவர் என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஹமீது காஸ்ட்ருலேஷனை மறந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எவ்வளவு உயரம் பறந்துச்சு உம்மா?" என்று கேட்டார் என் கணவர்.

மாமி உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் காட்டினார். அது போதவில்லை என்று எழுந்து நின்று காட்டினார்.